சட்டப் புத்தகம் நம்ம ஊர் நூலகத்துக்கு வருமா?



இந்த மாதப் பாடத்துக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை. வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். வரிக்குப் பக்கத்தில் ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வரி ஒரு ரூபாய் என்றால் அதற்கு 10 காசு. 100 ரூபாய் வரி கட்டினால் 10 ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் பணம் இது. வருடா வருடம் கட்டுகிறோம். ஆனால் நான் போய்வரும் குழுக்களில் “நூலகத்துக்குள்ள போனதுண்டா?” என்று கேட்டால் ஒன்றிரண்டு கைதான் எழும்பும். “அது ஆம்பளைங்க பேப்பர் படிக்கிற இடம் மேடம்” என்று சிரித்துவிடுவார்கள்.

நானும் பல வருடம் அப்படித்தான் விட்டுவிட்டேன். 2022ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் நம் குழு அக்கா ஒருத்தர் வீட்டுப் பிரச்சினை வந்தபோதுதான் எனக்கே புத்தி வந்தது. அந்த அக்கா பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1986இல். அப்பா 2003இல் காலமாகிவிட்டார். தாத்தா காலத்துப் பூர்வீக நிலம் இரண்டு ஏக்கர் சொச்சம் இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். அண்ணனும் தம்பியும் நிலத்தை விற்கப் பேசி முடித்துவிட்டு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அக்காவைக் கூப்பிட்டார்கள். சேலை எடுத்துத் தருவதாகவும், கைச்செலவுக்கு 20 ஆயிரம் தருவதாகவும் பேச்சு. “எனக்குப் பங்கு கிடையாதா அண்ணே?” என்று அக்கா கேட்டதற்கு, “1989க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு இல்லைன்னு சட்டமே இருக்கு தாயி, எந்த வக்கீலை வேணா கேட்டுக்கோ” என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அக்கா குழுக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அப்படித்தான் தெரியும். சமூகப்பணி படித்தபோது குறிப்பெடுத்தது ஞாபகம் இருந்தது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு, ஆனால் 25-3-1989க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. அதையே சொல்லி அனுப்பியிருப்பேன். அக்கா ஒரு வார்த்தை சொன்னார்: “நீங்களும் கேள்விப்பட்டதைத்தான சொல்றீங்க? அந்தச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் படிச்சுப் பார்த்தீங்களா?”

படிக்கவில்லை. அதுதான் நிஜம்.

நல்லவேளை, ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். “ஆவணியில பார்த்துக்கலாம்” என்று அக்கா தள்ளிப் போட்டார். எங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

மூலம் வேறு, கைப்புத்தகம் வேறு

சட்டம் பற்றி நாம் படிப்பது பெரும்பாலும் கைப்புத்தகம். ‘பெண்களும் சட்டமும்’, ‘சொத்துரிமை வழிகாட்டி’ என்று பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிடைக்குமே, அதுமாதிரி. யாரோ ஒருவர் சட்டத்தைப் படித்துவிட்டு நமக்குப் புரியும்படி எழுதியது. நல்ல விஷயம்தான். ஆனால் அது எழுதின வருடத்தோடு நின்றுபோகும்.

மூலம் என்பது நாலு வகை. சட்டமன்றமோ பாராளுமன்றமோ நிறைவேற்றிய சட்டம். அதன்கீழ் அரசாங்கம் போடும் விதிகள். அரசாணை, அதாவது நாம் ‘ஜி.ஓ.’ என்று சொல்வது; நீதிமன்றத் தீர்ப்பு. உரையோ விளக்கமோ இல்லாமல் சட்டத்தை மட்டும் அச்சடித்த புத்தகத்தை வக்கீல்கள் ‘பேர் ஆக்ட்’ என்பார்கள். சட்டங்களும் விதிகளும் அரசிதழில், அதாவது கெஜட்டில், வெளியாகும்.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் இதெல்லாம் கிடையாது. கதைப் புத்தகம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டி, தினசரி, வார இதழ்தான். நூலகர் சார் சொன்னார்: “இங்க இல்லாட்டி என்ன, மாவட்ட மைய நூலகத்துல இருக்கும். எழுதிக் குடுங்க, மீட்டிங் போறப்ப கேட்டுட்டு வர்றேன்.”

ஒரு நூலகத்தில் இல்லாத புத்தகத்தை அந்த நூலகம் வேறொரு நூலகத்திடமிருந்து வாசகருக்காக வாங்கித் தருவதை ‘இன்டர் லைப்ரரி லோன்’ என்கிறார்கள். நூலகங்களுக்கு இடையிலான இரவல். நமக்கு இது புதுசு இல்லை. நீங்கள் தனியாளாகப் போய் நின்றால் வங்கி கடன் கொடுக்குமா? குழு தீர்மானம் போட்டு, குழு பொறுப்பேற்றால் கொடுக்கிறது. அதே கதைதான். பெரிய நூலகம் உங்களுக்கு நேராகப் புத்தகத்தைத் தராது, உங்கள் ஊர் நூலகத்துக்குத் தரும். புத்தகம் திரும்பி வர அந்த நூலகம் பொறுப்பு. அந்த நூலகத்துக்கு நீங்கள் பொறுப்பு. அதற்கு நீங்கள் முதலில் அங்கே உறுப்பினராக இருக்க வேண்டும். அக்கா அன்றைக்கே சேர்ந்தார்.

எல்லா ஊரிலும் இது தானாக நடந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நூலகரின் மனசும், பெரிய நூலகத்தின் நடைமுறையும் ஒத்துவர வேண்டும். கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குக் காசு இல்லை.

நான் செய்த தப்பு

சீட்டில் நான் எழுதிக் கொடுத்தது இப்படி: “பெண்கள் சொத்துரிமைச் சட்டம் பற்றிய புத்தகம் வேண்டும்.”

பத்து நாள் கழித்து வந்தது மெலிசான ஒரு தமிழ்க் கையேடு. 1998இல் அச்சடித்தது. அதில் அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. அக்கா முகம் வாடிவிட்டது. நூலகர்தான் முதல் பக்கத்தைத் திருப்பி வருடத்தைக் காட்டினார். “இருபத்தி நாலு வருஷம் முந்தின புஸ்தகம்மா இது. நீங்க கேட்டது பொதுவா, அவங்களும் பொதுவா குடுத்துட்டாங்க. சட்டத்தோட பேரு, வருஷம், எந்தப் பிரிவுன்னு எழுதுங்க.”

மளிகைக் கடையில் “பருப்பு குடுங்க” என்று கேட்டால் எந்தப் பருப்பைக் கொடுப்பான்? இரண்டாவது சீட்டை இப்படி எழுதினோம்:

“இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 (1956ஆம் ஆண்டின் 30ஆவது சட்டம்). 2005ஆம் ஆண்டின் 39ஆவது சட்டத்தால் திருத்தப்பட்ட பிறகு அச்சான பேர் ஆக்ட். பிரிவு 6 வேண்டும். புத்தகம் வெளியே தரமாட்டார்கள் என்றால் அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸ் போதும். செலவு நாங்கள் தருகிறோம்.”

கடைசி இரண்டு வரிதான் முக்கியம். சட்டப் புத்தகங்களைப் பெரும்பாலும் ‘ரெஃபரன்ஸ்’ என்று முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். உள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம், எடுத்துப் போக முடியாது. அங்கே இரவல் என்பது பக்க நகலாக மாறிவிடும். நமக்கும் அது போதும். 30 பக்கச் சட்டத்தில் நமக்கு வேண்டியது இரண்டு பக்கம். நகல் எடுக்கலாமா என்று யாராவது தயங்கினால், சொந்தப் படிப்புக்குச் சில பக்கம் எடுப்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது என்று சொல்லலாம். நீதிமன்றத் தீர்ப்புக்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது.

ஒரு பக்கம் வந்தது, மறு பக்கம் வரவில்லை

அந்த வாரமே நகல் வந்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு பக்கம். இங்கிலீஷில் இருந்தது. குழுவில் ஒரு உறுப்பினரின் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளும் நானும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம்.

பிரிவு 6, உட்பிரிவு 1. கூட்டுக் குடும்பத்தில் மகனுக்கு என்ன உரிமையோ, மகளுக்கும் பிறப்பால் அதே உரிமை என்று தெளிவாக இருக்கிறது. 9-9-2005 முதல் இது அமல். கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, எந்த வருடம் ஆனது என்ற பேச்சே அதில் இல்லை. 1989 என்ற தேதி தமிழ்நாடு அரசு அப்போது செய்த திருத்தத்தில் இருந்தது (1990ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 1). மத்தியச் சட்டமே எல்லா மகள்களையும் சேர்த்துக்கொண்ட பிறகு அந்தத் தடை நிற்காது. அண்ணன் பொய் சொல்லவில்லை. பழைய சட்டத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குக் கீழே ஒரு வரம்புரை இருந்தது. வரம்புரை என்றால் ‘ஆனாலும்’ என்று போட்டு, கொடுத்ததில் ஒரு வேலி கட்டுவது. 20-12-2004க்கு முன்பே பாகம் பிரித்திருந்தால், விற்றிருந்தால், உயில் எழுதியிருந்தால் அது செல்லும், இந்தச் சட்டம் அதைக் கலைக்காது என்று எழுதியிருந்தது.

அக்கா தலையில் கை வைத்துவிட்டார். ஏனென்றால் அப்பா இறந்த மறு தை மாதம், அதாவது 2004 ஜனவரியில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அண்ணனும் தம்பியும் வெள்ளைத் தாளில் கூர்சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். தேதி அவர்கள் பக்கம்.

நகலின் கடைசி வரி பாதியில் நின்றிருந்ததை அந்தப் பெண்தான் கவனித்தாள். “ஆன்ட்டி, பிரிவு முடியலை. அடுத்த பக்கம் எங்க?” என்றாள். திரும்பவும் நூலகர், திரும்பவும் சீட்டு. இந்தத் தடவை “பிரிவு 6 முழுவதும், வரம்புரை, விளக்கம் உட்பட” என்று எழுதினோம். அடுத்த பக்கம் வர இன்னும் ஒரு வாரம் ஆனது. ஆடிப்பெருக்கு முடிந்தேவிட்டது.

பிரிவு 6இன் கடைசியில், எல்லா உட்பிரிவும் முடிந்த பிறகு, ‘விளக்கம்’ என்று சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. இந்தப் பிரிவில் ‘பாகப்பிரிவினை’ என்று சொன்னால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணையால் நடந்த பாகம், இந்த இரண்டும்தான் என்று அதில் இருந்தது.

வெள்ளைத் தாள் கூர்சீட்டு இந்த இரண்டில் எதிலும் வராது.

சகோதரிகளே, இந்த நாலு வரி எந்தக் கைப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் நாங்களே அக்காவை அழைத்துப் போய்க் கையெழுத்துப் போட வைத்திருப்போம். அதனால் நகல் கேட்கும்போது பிரிவின் ஆரம்பத்திலிருந்து அடுத்த பிரிவின் எண் வரும் வரை கேளுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தையும், அச்சடித்த வருடம் போட்ட பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பு எங்கே கிடைக்கும்?

சட்டம் கையில் வந்த பிறகும் ஒரு முள் இருந்தது. அப்பா 2003இலேயே இறந்துவிட்டாரே? சட்டம் வந்தது 2005இல். அப்பா உயிரோடு இல்லாத மகளுக்கு இது பொருந்துமா? 2015இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருந்தாது என்று சொன்னது. 2018இல் தானம்மா வழக்கில் வேறு மாதிரி தீர்ப்பு வந்தது. கடைசியில் 11-8-2020இல் வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து குழப்பத்தைத் தீர்த்தார்கள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று முடித்தார்கள். வாய்மொழிப் பாகத்தைப் பற்றியும் அதில் இருக்கிறது. அரசு ஆவணங்களின் பலமான ஆதாரத்தோடு, அபூர்வமான நிலைமையில்தான் ஏற்கலாம், வெறும் வாய்ப்பேச்சை ஏற்க முடியாது என்கிறது. அக்கா வீட்டில் பட்டா மாறவே இல்லை என்பதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

பாருங்கள், 2016இல் அச்சான புத்தகத்தை நம்பியிருந்தால் அதுவும் தப்பாகப் போயிருக்கும்.

தீர்ப்பைக் கேட்கும்போது எழுத வேண்டியது: யார் எதிர் யார், எந்த நீதிமன்றம், தீர்ப்புத் தேதி. இது இருந்தால் எந்த நூலகரும் கண்டுபிடித்துவிடுவார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. சில தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்தும் போடுகிறார்கள். மத்தியச் சட்டங்களும் பல மாநிலச் சட்டங்களும் ‘இந்தியா கோட்’ என்ற அரசு இணையதளத்தில் கிடைக்கும். எங்களுக்குத் தீர்ப்பை எடுத்துக் கொடுத்தது அந்த இன்ஜினியரிங் பெண்தான்.

அப்படியானால் செல்போன் போதுமே, நூலகம் எதற்கு என்று கேட்பீர்கள். தேடினால் நூறு வீடியோ வருகிறது. எது மூலம், எது யாரோ பேசியது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இன்னொன்று, பழைய கெஜட், பழைய தீர்ப்புத் தொகுப்பு, திருத்தத்துக்கு முன் சட்டம் எப்படி இருந்தது என்பதெல்லாம் இன்னும் காகிதத்தில்தான் நிறைய இருக்கிறது. நிலத் தகராறில் தாத்தா காலத்துச் சட்டம் தேவைப்படும். சென்னை எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி போக வேண்டும். கல்லூரிகளுக்கு ‘டெல்நெட்’ என்று ஒரு வலையமைப்பு 1988இலிருந்து நடக்கிறது. டெல்லியில் ஆரம்பித்து இப்போது நாடு முழுக்க இருக்கிறது. அதில் உறுப்பினரான நூலகங்கள் ஒன்றுக்கொன்று புத்தகத்தையும் பக்க நகலையும் அனுப்பிக்கொள்ளும். உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று அங்குள்ள நூலகரைக் கேட்கச் சொல்லுங்கள். ஃபீஸ் கட்டுகிறோமே, இதையும் பயன்படுத்தலாம்.

இந்த ஏற்பாடெல்லாம் யாரோ மேலேயிருந்து இறக்கியது என்று நினைக்காதீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 1931லேயே விதியாக எழுதி வைத்தார். அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். நமக்கு இப்போது மினி பஸ் இருக்கிறது.

அரசாணை மட்டும் கொஞ்சம் சிரமம். எண், துறை, தேதி மூன்றும் தெரிந்தால் நூலகத்தில் கேட்கலாம். கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6ஆம் பிரிவின்படி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மேலே சொன்ன வாரிசுரிமைச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. நம் கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், இஸ்லாமியச் சகோதரிகளுக்கு ஷரியத் சட்டம். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால் கணக்கே வேறு. சட்டத்தைப் படித்துவிட்டால் நாமே வக்கீல் ஆகிவிட மாட்டோம். ஆனால் வக்கீலிடம் வெறுங்கையோடு போவதும், இரண்டு பக்கம் நகலோடு போவதும் ஒன்றில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அக்கா ஆவணியில் கையெழுத்துப் போடவில்லை. நகலை மடித்து அண்ணன் கையில் கொடுத்து, “எனக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணே, உங்க வக்கீல்கிட்டயே காட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாராம். தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து சீர் வரவில்லை. அக்கா அழுதார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. பொங்கலுக்குத் தம்பி மட்டும் வந்தார். பிறகு சட்டப் பணிகள் குழுவில் இரண்டு தடவை உட்கார்ந்து பேசினார்கள். நிலம் இன்னும் விற்கவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

ஜெராக்ஸ், தபால், பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஆன செலவு 94 ரூபாய். குழுவின் பொதுச் செலவில் எழுதித் தீர்மான நோட்டில் ஏற்றினார்கள். நகல் ஒரு செட் குழுவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பக்கத்துத் தெருக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

வரும் கூட்டத்தில் செய்ய: உங்கள் ஊர் நூலகத்தின் திறக்கும் நேரம், நூலகர் வரும் நாள் இரண்டையும் விசாரித்து நோட்டில் எழுதுங்கள். குழுவில் ஐந்து பேராவது உறுப்பினராகச் சேருங்கள். வீட்டு வரி ரசீதையும் கொண்டு வாருங்கள், நூலக வரி எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று கூட்டிப் பார்க்கலாம்.